மூலை வெட்டிய துணிகள்

காரைக் கழுவி, பாலிஷ் போட்டு மெருகேற்றுகிற கார் டீட்டெயிலிங் கடை போடுவதற்கு முன்னால் 9 வருஷம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருந்தேன். ரோல் ரோலாக வரும் துணியை வெளிச்சத்துக்கு முன்னால் ஓட்டி ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க்கறை என்று பார்த்துக் குறிக்கிற வேலை. துணியைப் பற்றி நமக்குத் தெரியாததா என்ற தைரியத்தில்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கடை திறந்து நாலாவது மாசம் ஒரு துணியாலேயே அடி வாங்கினேன்.

கறுப்பு நிறக் கார். இரண்டு நாள் முழுக்க பாலிஷ் போட்டு, மேலே வாக்ஸ் தடவி, கடைசியாகத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். பானெட்டில் ஒரு முழ நீளத்துக்கு வளைவாக ஒரு கீறல் விழுந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தேன். இழைகளுக்கு நடுவில் நாயுருவி விதை ஒன்று சிக்கியிருந்தது, அதோடு நாலைந்து மண் துகள். முந்தின நாள் கொடியில் காயப்போட்ட துணி காற்றுக்குப் பறந்து வேலியோரம் விழுந்திருக்கிறது. என்னிடம் வேலை பார்க்கிற ஒடிசாத் தம்பி அதை எடுத்து, நன்றாக உதறி, மறுபடி கொடியில் போட்டிருக்கிறான். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. கீழே விழுந்த துணியை என்ன செய்யவேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லித்தரவே இல்லை.

சாயந்திரம் காரை எடுக்க வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, இது நேத்து இல்லீங்களே?” என்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் கடையிலேயே வைத்து அந்த பானெட்டை மட்டும் மறுபடி பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. ஆனால் பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பதுதானே. காரின் நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. ஒவ்வொரு கீறலை எடுக்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, போனது திரும்ப வராது. என் கவனக்குறைவால் அவருடைய காரின் ஆயுளில் கொஞ்சத்தை எடுத்துவிட்டேன் என்ற எண்ணம் அன்றைக்கு ராத்திரி தூங்கவிடவில்லை.

அன்றிலிருந்து கடையில் ஒரே சட்டம்: ஒரு துணி இதுவரை எங்கெங்கே போய்வந்தது என்று சொல்லத் தெரியாவிட்டால் அது பெயின்ட்மேல் போகக்கூடாது. கழுவுவது, காயவைப்பது, அடுக்குவது என்று நான் மாற்றிக்கொண்ட எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

முதலில் துணி வாங்குவதைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே வந்துவிடுகிறது. எங்கள் ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் கட்டிங் டேபிளில் மிஞ்சிய பனியன் வேஸ்ட்தான் துடைக்கிற துணி. என்ஜின் எண்ணெய்க்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அதில் தையல் இருக்கும், பிரின்ட் இருக்கும், சிலசமயம் கொக்கியோ பட்டனோ இருக்கும். பளபளப்பான பெயின்ட்மேல் போடுகிற துணி அது கிடையாது.

அதற்கு மைக்ரோஃபைபர் வேண்டும். டெனியர் கணக்கு நம் ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான்: 9000 மீட்டர் இழை ஒரு கிராம் எடை இருந்தால் ஒரு டெனியர். மைக்ரோஃபைபர் இழை அந்த ஒரு டெனியருக்கும் கீழே. பாலியஸ்டரும் பாலிஅமைடும் (நைலான் வகை) சேர்ந்த ஒற்றை இழையை, ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி பல கீற்றாகப் பிரித்துவிடுகிறார்கள். அந்தக் கீற்றுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் தூசியையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. சரியாகப் பிரித்த துணியை வறண்ட கையால் தடவினால் விரலின் சொரசொரப்பில் கொக்கி போட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். வழுக்கிக்கொண்டு போனால் அதை நான் வாங்குவதில்லை.

80/20, 70/30 என்று அட்டையில் போட்டிருப்பார்கள். முதல் எண் பாலியஸ்டர், இரண்டாவது பாலிஅமைடு. இரண்டாவது எண் கூடினால் விலையும் கூடும். இந்தக் கலவை விகிதத்தைக் கடையில் நின்று நாம் சோதிக்க முடியாது. ஜிஎஸ்எம்மை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதைச் சோதிக்கலாம், அதற்குத் துணியை வட்டமாக வெட்டியெடுக்கிற ரவுண்ட் கட்டர்கூட வேண்டாம், சமையல்கட்டுத் தராசே போதும். 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் துணி என்றால் பரப்பு 0.16 சதுர மீட்டர். 400 ஜிஎஸ்எம் என்று போட்டிருந்தால் எடை 64 கிராம் இருக்கவேண்டும். 600 என்றால் 96 கிராம். நான் ஒருமுறை 600 என்று சொல்லி வாங்கிய துணிகள் தராசில் 71 கிராம்தான் காட்டின, அதாவது 440 சொச்சம். துணி மோசமில்லை. 600க்கான காசைக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். இப்போது எது வாங்கினாலும் முதலில் ஒன்றை எடைபோட்டுப் பார்த்துத்தான் மீதியை வாங்குகிறேன்.

எல்லாவற்றுக்கும் கனமான துணி வேண்டும் என்று நினைக்கவேண்டாம். கழுவிய காரின் தண்ணீரை ஒற்றி எடுக்கக் கனமான, சுருள் இழைத் துணி நல்லது. வாக்ஸும் பாலிஷும் துடைக்க 350, 400 போதும். கண்ணாடிக்கு மொத்தமான துணி கோடு போட்டுத் தொல்லை கொடுக்கும், கட்டம் கட்டமாக இருக்கும் வாஃபிள் நெசவுதான் சரி. ஓரத்தில் கெட்டி நூலில் ஓவர்லாக் அடித்திருந்தால் அந்தத் தையலே மெல்லிய பெயின்ட்டில் கோடு போடலாம். பெயின்ட்டுக்கு ஓரத்தையல் இல்லாத துணிதான் என் கடையில். லேபிள் தைத்திருந்தால் துணியைப் பிரித்த உடனே அதை வெட்டி எடுத்துவிடவேண்டும்.

புதுத் துணியை அப்படியே காருக்குக் கொண்டுபோகக்கூடாது. அதில் வெட்டும்போது உதிர்ந்த பஞ்சு இருக்கும், சாயம் கொஞ்சம் விடும். சாயம் போகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அதன்மேல் வைத்து அழுத்தினால் தெரிந்துவிடும். சாயப்பட்டறை ஊரில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தரவேண்டுமா என்று நினைத்துத்தான் முதல்முறை விட்டேன். வெளிர் நிற லெதர் சீட்டில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு ஏறி, அதை எடுக்க அரை நாள் ஆனது.

இனி மூலை வெட்டு. துணிகளை நிறத்தால் பிரிக்கச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நீலம் பெயின்ட்டுக்கு, மஞ்சள் உள்பக்கத்துக்கு, சிவப்பு வீலுக்கு. ஆனால் ஆறு மாசம் கழித்து நீலத்திலேயே புதிதும் இருக்கும், 60 தடவை துவைத்துத் தேய்ந்ததும் இருக்கும். நிறம் அதைச் சொல்லாது. அடுத்தமுறை வாங்கப் போனால் அதே நிறம் கிடைப்பதும் இல்லை. பெயர் எழுதலாம் என்றால் தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. கம்பெனியில் ஒவ்வொரு கட்டிங் பண்டிலுக்கும் ஓர் அடையாளம் இருக்கும். அதை நினைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தேன்.

நாலு மூலையும் முழுசாக இருந்தால் பெயின்ட்டுக்கு. ஒரு மூலை வெட்டியிருந்தால் உள்பக்கம், கதவு இடுக்கு, டேஷ்போர்டு. இரண்டு மூலை வெட்டியிருந்தால் வீல், டயர், சைலன்சர் பக்கம். மூன்று மூலை போய்விட்டால் என்ஜின், செயின், எண்ணெய். ஒரு துணி மேலிருந்து கீழே இறங்கலாம், கீழிருந்து மேலே ஏறவே முடியாது, வெட்டிய மூலை முளைக்காது இல்லையா. விரலால் தடவினாலே தெரிந்துவிடும், படிக்கவும் வேண்டாம், நிறம் பார்க்கவும் வேண்டாம். இந்தத் துணிகள் பெரும்பாலும் வார்ப் நிட் (நீளவாக்கில் நூல் ஓட்டிப் பின்னியவை) என்பதால் வெட்டின இடத்தில் நூல் பிரியாது. வாஃபிள் துணி நெசவு, வெட்டினால் பிரிந்துகொண்டே போகும். அதை மட்டும் வெட்டாமல் தனி டப்பாவில் வைத்துவிடுகிறோம்.

எப்போது இறக்குவது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். பெயின்ட் துணி கீழே விழுந்தால் அன்றைய வேலைக்கு அது முடிந்தது. கடைத் தரையில் விழுந்ததைத் துவைத்து, விரித்துப் பிடித்து, செக்கிங்கில் பார்த்த மாதிரி வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்தபிறகே மேலே சேர்ப்போம். வெளியே மண்ணில் விழுந்தது என்றால் பேச்சே இல்லை, ஒரு மூலை போய்விடும். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொரசொரப்பாக இருந்தாலும் அப்படியே. வீல் பக்கம் ஒரேயொரு தடவை போன துணிகூட பெயின்ட்டுக்குத் திரும்பக்கூடாது. பிரேக் பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் உதிர்கிற இரும்புத் துகள் இழைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எத்தனை அலசினாலும் வெளியே வந்துவிட்டது என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது.

துவைப்பதில் நான் செய்த தப்புகள் நிறைய. முதல் தப்பு வீட்டு மெஷினில், வீட்டுத் துணிகளோடு போட்டது. பருத்தித் துண்டின் பஞ்சு முழுவதையும் மைக்ரோஃபைபர் பிடித்துக்கொண்டது. அம்மாவும் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, வண்டி தொடச்ச துணிய சேலையோட போட்ட?” என்று சத்தம்போட்டார். இரண்டுக்குமே கெடுதல்தான். பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின் ஒன்றை வாங்கிக் கடையின் பின்பக்கம் வைத்தேன். அதில் ஒரு வசதி, தண்ணீர் எவ்வளவு அழுக்காக வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

வாசனைக்காக ஊற்றுகிற துணி கண்டிஷனர் மைக்ரோஃபைபருக்கு எதிரி. இழைமேல் வழவழப்பாகப் படலம் போட்டு, தண்ணீர் இழுக்கும் இடைவெளிகளை அடைத்துவிடும். அதில் அலசிய துணியால் கண்ணாடி துடைத்தால் புகைபோட்ட மாதிரிக் கோடு நிற்கும். பிளீச்சும் கூடாது, குளோரின் பாலிஅமைடை அரித்துவிடும். சோப்புத்தூள் எங்கள் போர்த் தண்ணீரில் முழுசாகக் கரைவதில்லை, அதனால் திரவ சோப்புதான். 20 துணிக்கு 30 மில்லி போதும். அதிகம் ஊற்றினால் அலசித் தீராது. மெஷினைப் பாதிக்குமேல் நிரப்பினால் அழுக்கு ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்குப் போகுமே தவிர வெளியே போகாது.

எங்கள் போர்த் தண்ணீரில், கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,400 தாண்டிக் காட்டும். அந்தத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் கால்சியம் இழைகளில் படிந்து துணி அப்பளம் மாதிரி விறைத்துவிடும். புதுத் துணிகள் இரண்டு மாசத்தில் சொரசொரப்பானதற்குத் துணி விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் தண்ணீர்தான். இப்போது முதல் இரண்டு அலசல் போர்த் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரில். ஐப்பசி மழையில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்தால் அதைவிட நல்லது. மாசத்துக்கு ஒருமுறை, விறைப்புத் தெரிந்தால் மட்டும், கடைசி அலசலில் ஒரு தம்ளர் வெள்ளை வினிகர் சேர்க்கிறேன். அந்த லேசான அமிலம் படிவைக் கரைத்துவிடும். வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து.

எல்லாவற்றையும்விட நேரம்தான் முக்கியம். வாக்ஸும் பாலிஷும் துணியிலேயே காய்ந்து இறுகிவிட்டால் அப்புறம் அலசுவது பாடுதான். வேலை நடக்கும்போதே பக்கத்தில் மூன்று வாளி வைத்திருக்கிறோம், பெயின்ட் துணிக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று, வீலுக்கு ஒன்று, மூன்றிலும் சோப்புத் தண்ணீர். உபயோகித்த துணி நேராக அதற்குள் போகும். துவைப்பதும் அதே வரிசையில், பெயின்ட் துணிகள் முதலில், வீல் துணிகள் கடைசியில், அதன்பின் டப்பைக் கழுவிவிடவேண்டும். தின்னரோ பெட்ரோலோ பட்ட துணியை எந்த வாளியிலும் மெஷினிலும் போடக்கூடாது. அது நெருப்புக்குக் காத்திருக்கிற சாமான்.

வெந்நீர் 40 டிகிரிக்குமேல் வேண்டாம். பாலியஸ்டர் உருக 250 டிகிரி வேண்டும் என்பது சரி, ஆனால் 70, 80 டிகிரியிலேயே இழை இளகி வடிவம் மாறக்கூடிய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் இஸ்திரிப் பெட்டியும் கூடாது. காயவைப்பது நிழலில், தகரக் கூரைக்குக் கீழே. வேலியோரக் கொடியை அந்தக் கீறல் விழுந்த மறுநாளே அவிழ்த்துவிட்டேன். தேங்காய்நார்க் கயிறும் வேண்டாம், அதன் நார் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில், இரண்டு கிளிப் மாட்டித்தான் காயப்போடுகிறோம். மழைநாளில் ஃபேன் போட்டு உள்ளே காயவைக்கவேண்டும். கொஞ்சம் ஈரத்தோடு மடித்து டப்பாவில் வைத்தால் இரண்டாம் நாளே பூஞ்சை வாடை வந்துவிடும்.

காய்ந்தபின் மடிப்பது. நாலாக மடித்தால் துடைக்க எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். மடிக்கும்போதே வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, தடவி, பிறகு மூடிபோட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்குகிறோம். பெயின்ட் டப்பா மேல் தட்டில், வீல் டப்பா தரையில். மேலிருந்து கீழே தூசி விழலாம், கீழிருந்து மேலே விழாது. பூச்சி வராமல் இருக்க அம்மா வேப்பிலை போட்டு வைக்கச் சொன்னார். பட்டுச்சேலைக்கு அது சரி. இங்கே இலை காய்ந்து நொறுங்கி இழைகளில் ஏறிக்கொண்டது. மூடி இறுக்கமாக இருந்தாலே போதும்.

வீட்டில் ஒரே காரை வைத்திருக்கிறவர்களுக்கு இவ்வளவு டப்பா வேண்டாம். மூன்று ஜிப் பை போதும். ஆனால் துணியைச் சும்மா டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடந்த துணியால் பானெட் துடைக்கிறவர்களை வாரத்துக்கு ரெண்டு பேராவது பார்க்கிறேன். வெயிலில் நிறுத்தினால் அந்தக் காரின்மேல் சிலந்திவலை மாதிரி வட்டக்கோடுகள் தெரியும்.

அப்ளிகேட்டர்களுக்குத் தனிக் கவனிப்பு. வாக்ஸ் தடவுகிற வட்ட ஃபோமை முறுக்கிப் பிழியக்கூடாது, கிழிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் அழுத்தி அழுத்தி விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நீர் எடுத்து, வலைமேல் சாய்த்துவைத்து உலர்த்தவேண்டும். பாலிஷ் மெஷினில் மாட்டுகிற பஃபிங் பேடுகளைப் பின்னாலுள்ள வெல்க்ரோவோடு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன் ஒருமுறை. பசை விட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட் தனியாகக் கழன்றது. பத்து நிமிஷத்துக்குமேல் ஊறவைக்கத் தேவையில்லை. காம்பவுண்டுக்கு, அதாவது கீறல் எடுக்கிற கரகரப்பான பாலிஷுக்கு ஓடிய பேடைக் கடைசி மெருகான ஃபினிஷிங்குக்கு எடுக்கக்கூடாது. பல காம்பவுண்டுகளில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, எத்தனை கழுவினாலும் ஓரிரு துகள் தங்கலாம். பேடின் முதுகில் அழியாத மார்க்கரால் ஒரு கோடு, இரண்டு கோடு போட்டுவைத்திருக்கிறோம். டயர் பாலிஷ் ஃபோமை நான் கழுவுவதே இல்லை. அதில் சிலிக்கோன் ஊறியிருப்பதே அடுத்த தடவைக்கு உதவும். தனி டப்பாவில் மூடி வைத்தால் சரி.

ஃபோமுக்கு ஆயுள் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். அழுத்தி விட்டால் பழைய வடிவத்துக்கு வராத, விரலில் துகளாக ஒட்டுகிற ஃபோமைத் தூக்கிப் போட்டுவிடவேண்டும். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் வைத்திருந்த ஆறு பேடுகளை அப்படி இழந்திருக்கிறேன். களிமண் மாதிரிப் பிசைந்து தேய்க்கிற கிளே பார் தரையில் விழுந்தாலும் அதே கதி, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

பெயின்ட்டைக் காக்க மேலே பூசுகிற செராமிக் கோட்டிங்கைத் தடவிய துணியை மறுபடி உபயோகிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். கோட்டிங் காற்றிலுள்ள ஈரம் பட்டுக் கண்ணாடி மாதிரி இறுகும். தடவுகிற சிறிய ஸ்வேட் துணியும் முதல் துடைப்புத் துணியும் ஒரே நாளோடு முடிந்தன. நல்ல துணியாயிற்றே என்று இரக்கப்பட்டு ஒன்றைத் துவைத்து வைத்தேன். காய்ந்தபின் தடவினால் அங்கங்கே உப்புக்கல் மாதிரி. காருக்குப் போகுமுன் கையில் பட்டது நல்லகாலம். இப்போது கோட்டிங் வேலைக்கு விலை குறைந்த ரகத் துணியைத்தான் எடுக்கிறோம், முடிந்தவுடன் தனிப் பையில் கட்டிவிடுகிறோம்.

ஒன்று இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் இந்தத் துணிகள் கொஞ்சம் இழை உதிர்க்கின்றன. அது பிளாஸ்டிக் இழை, மக்காது. நொய்யல் ஆற்றுக்கு என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னபோது என் வீட்டிலேயே இரண்டு பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு மெஷின் தண்ணீரை அப்படியே சாக்கடையில் விட மனசு கேட்கவில்லை. வெளியேறும் குழாயின் வாயில் நெருக்கமான நைலான் வலைப்பையைக் கட்டினேன். எல்லா இழையும் அதில் நிற்காது, கண்ணுக்குத் தெரியாதது போகத்தான் செய்யும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துப் பார்த்தால் நீலமும் சிவப்புமாக ஒரு கைப்பிடிப் பஞ்சு இருக்கிறது. தம்பி அதைப் பிழிந்து காயவைத்து, பொட்டலம் கட்டி, மூன்று மூலையும் போய் நைந்துவிட்ட துணிகளோடு சேர்த்து மக்காத குப்பை வண்டியில் போடுகிறான்.